கதவுக்கு அடியில் ஒரு கோடு

மாலையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது நோயாளிகள் அல்ல, படிக்கட்டு. இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குத் திரும்புகிற இடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குவான். ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்துபோய், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் டாக்டர்கள். டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த பயிற்சி டாக்டர்கள்.

ஏதோ அவசரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு அவசரமும் இல்லை. அன்றைய வேலை முடிந்துவிட்டது. மாலை டியூட்டிக்கான இரண்டு பேர் வார்டில் நிற்கிறார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். போகமாட்டார்கள்.

"கோடு இருக்கா?" என்று கீழ்ப்படியில் இருப்பவர் கேட்பார்.

"இருக்கு" என்று மேல்படியில் இருப்பவர் சொல்வார்.

கோடு என்றால் வெளிச்சம். மூன்றாம் மாடி மூலையறையின் கதவு தரையை முழுக்கத் தொடாது. அந்த இடுக்கில், உள்ளே விளக்கு எரிந்தால், மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அது பிரிவுத் தலைவரின் அறை. அவருக்குப் பெரியவர் என்று பெயர். கோடு இருந்தால் பெரியவர் இருக்கிறார். பெரியவர் இருக்கும்போது சின்னவர்கள் கிளம்புவதாவது! அப்படி ஒரு விதியை யாரும் எங்கேயும் போட்டதில்லை. போடாத விதி என்பதால் அதை யாராலும் எடுக்கவும் முடியவில்லை.

அந்தப் படியில் மூன்று வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்து வெள்ளைக் கோட்டின் பின்பக்கம் தேய்ந்தவள்தான் டெப்போ. அவளுடைய அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஆபரேஷன் தியேட்டரில் யாரோ தாமதமாக வந்தபோது, "வண்டி கிளம்பிடுச்சு, அடுத்த டிரிப்ல வாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். இப்போது அவள்தான் பயிற்சி டாக்டர்களில் மூத்தவள். யாருக்கு எந்த நாள் எந்த டியூட்டி என்று சார்ட் போடுவது அவள் வேலை. சார்ட் போடுகிறவள் என்பதால் மற்ற ஏழு பேரின் கோபமும் அவள் தலையில்தான் விடியும்.

வீட்டில் ஓய்வு பெற்ற அப்பாவுக்கும் ஓய்வு கிடையாது. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டெப்போ எதிரில் இருக்கிற டீக்கடையில் போய் உட்கார்ந்து, எந்த பஸ் எவ்வளவு லேட் என்று கவலைப்படுவார். "அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. சம்பளம் இல்லைன்னாலும் டியூட்டியில நிப்பீங்க" என்பாள் அம்மா. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவள். மெஷினை நிறுத்தாமலே திட்டத் தெரிந்தவள்.

டெப்போவோடு சேர்ந்தவன் ஒருவன் இருந்தான். பாட்டுக்காரன். கை கழுவும்போது பாடுவான். அவன் பாட்டு நின்றால் தியேட்டரில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். போன வருடம் ஒரு நாள், முதல் நாள் இரவும் கண் விழித்து, மாலை முழுக்கப் படியில் உட்கார்ந்து, கோடு போன பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் வழியிலேயே தூங்கிவிட்டான். கால் முறிந்தது. கால் கூடிவிட்டது, ஆனால் அவன் திரும்பி வரவில்லை. "உடம்பு வந்துருச்சு. மனசு அந்தப் படியிலேயே உக்காந்துருச்சு" என்று போனில் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டெப்போவால் அந்தச் சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால்தான், பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறவளை அவள் உடனே கண்டுகொண்டாள். முதல் வருடம். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சேர்ந்து நாலு மாதம் ஆகியும் எல்லோருக்கும் அவள் புதுசுதான். கொஞ்ச நாளாகப் புதுசு தப்பான இடத்தில் சிரித்தாள், சரியான இடத்தில் சும்மா இருந்தாள். அவளுடைய பை எப்போதும் ஜிப் போட்டு, தோளில் மாட்டத் தயாராகவே இருந்தது.

"அக்கா, மாசக் கடைசியில போயிடலாம்னு இருக்கேன்" என்றாள் ஒரு மாலை.

"எங்க? வீட்டுக்கா?"

"ம். மொத்தமா."

மேலே கோடு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நாலு படி தள்ளி, இரண்டாம் வருடத்துக்காரன் குறட்டை தன் பெயருக்கு நியாயம் செய்துகொண்டிருந்தான். நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று டெப்போவுக்குத் தெரிந்தது. 'பொறுத்துக்கோ', 'எல்லாம் சரியாயிடும்' என்று பாட்டுக்காரனிடம் சொன்னதெல்லாம் நாக்கு வரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயின.

"மேட்ச் வரைக்கும் இரு" என்றாள் திடீரென்று.

"எந்த மேட்ச்?"

"வாலிபால். மாசக் கடைசி சனிக்கிழமை. நீ காலேஜ்ல ஆடினவதானே? நெட்ல நிக்க நமக்கு உயரமா ஆள் இல்ல."

புதுசு அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நமக்கு டீமே இல்லையே அக்கா."

உண்மைதான். அந்த ஆஸ்பத்திரியில் வருடா வருடம் ஊழியர்களுக்கு வாலிபால் போட்டி நடக்கும். சலவைப் பிரிவு, சமையல் பிரிவு, நர்சுகள், எலெக்ட்ரீஷியன்கள், அலுவலகம் என்று எல்லோருக்கும் ஒரு அணி உண்டு. பட்டியலில் பயிற்சி டாக்டர்கள் அணியும் உண்டு. எந்தக் காலத்திலோ யாரோ ஆசைப்பட்டு நீலச் சட்டைகள்கூடத் தைத்து வைத்திருந்தார்கள். அவை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டியூட்டி அறை அலமாரியில் கிடந்தன. எட்டுப் பேரில் இரண்டு பேர் வார்டைப் பார்த்தாலும் ஆறு பேர் மிச்சம், ஆறு பேர்தான் ஒரு அணி. ஆனால் ஆறு பேரும் ஒரே மாலையில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே நின்றதாகச் சரித்திரமே கிடையாது. எதிரணி வந்து நிற்கும், விசில் ஊதும், ஆடாமலே ஜெயித்துவிட்டு டீ குடிக்கப் போகும்.

"இந்த வருஷம் இருக்கு" என்றாள் டெப்போ. "நான் பெரியவர்கிட்ட கேக்கறேன்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். பெரியவர் கடிந்து பேசுகிறவர் அல்ல. ஆனால் தியேட்டரில் அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் கையில் இருக்கிற நூலில் தானாக முடிச்சு விழும். அந்த அறைக் கதவை, வேலை நேரம் முடிந்த பிறகு, பயிற்சி டாக்டர் யாரும் தட்டியது கிடையாது.

அவளாலும் உடனே தட்ட முடியவில்லை. கையை ஓங்கியபோது உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"குழம்பை மூணு தடவை சூடு பண்ணியாச்சு. இன்னொரு தடவை வச்சா பாத்திரம்தான் மிஞ்சும். அங்க என்னதான் பண்றீங்க?"

"நான் என்னம்மா பண்றது? பசங்க இன்னும் கிளம்பல" என்றது பெரியவரின் குரல். தியேட்டரில் கேட்கிற குரல் அல்ல. பரீட்சையில் மார்க் குறைந்த பையனின் குரல். "படியில உக்காந்திருக்காங்க பாவம். வேலை முடியல போலிருக்கு. அதுங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?"

"நீங்க உக்காந்திருந்தா வேலை முடிஞ்சிடுமா? நீங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

பென்சில் மேஜையில் உருளும் சத்தம் கேட்டது.

"குறுக்கெழுத்து" என்றார் பெரியவர்.

டெப்போவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பாட்டுக்காரனின் கால் ஞாபகம் வந்தது. கதவைத் தட்டினாள்; தட்டிய வேகத்தில் அது திறந்தேவிட்டது.

பெரியவர் ஷூவைக் கழற்றி, சாக்ஸ் காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். மேஜை மேல் பேப்பர், பென்சில், கட்டி வைத்த சாப்பாட்டுப் பை. அவசரமாகக் காலை இறக்கினார். "என்னம்மா? யாருக்காவது சீரியஸா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏன் யாரும் இன்னும் போகல?"

"நீங்க போகல சார்."

"நான் எப்படிம்மா போறது? நீங்கள்லாம் இருக்கீங்களே!"

"நாங்க இருக்கறதே நீங்க இருக்கறதாலதான் சார்."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையைப் பார்த்தார். இந்த முறை அதில் கண்டிப்பு இல்லை. தொலைந்துபோனவர் வழி கேட்கிற பார்வை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நான் சேர்றதுக்கு முன்னாலிருந்தே சார். எனக்கு என் சீனியர் சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க சீனியர். கோடு போற வரைக்கும் உக்காருன்னு."

"என்ன கோடு?"

அவள் கதவடியைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. சாக்ஸ் காலோடு எழுந்து வெளியே போய், "நீ உள்ளே இருந்து கதவைச் சாத்து" என்றார். சாத்தினாள். வெளியே படியில் ஒரே கலவரம். குறட்டை தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து "பிரஷர் நார்மல் சார்!" என்று கத்துவது உள்ளே வரை கேட்டது. அவள் மெல்லக் கதவைத் திறந்து பார்த்தபோது, பெரியவர் படியில், அவர்கள் உட்காருகிற அதே இடத்தில், புதுசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் அறைக் கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் தெரியுது" என்றார் மெதுவாக.

அவர் பயிற்சியில் இருந்த காலத்தில் அவருடைய தலைவர் மதியம் சாப்பிட்டதும் காரில் ஏறிவிடுவாராம். ஒரு முறை தனியாக மாட்டிக்கொண்டு, ஒரு ஆளைக் காப்பாற்ற முடியாமல் போனதாம். நான் தலைவரானால் என் பசங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தாராம். "போகவே இல்லம்மா" என்றார். சொல்லிவிட்டு, அந்த நல்ல எண்ணத்தின் கதியை நினைத்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்குப் பெரியவர் விளக்கை அணைத்தார். கோடு போயிற்று. அவர் இறங்கி, எல்லோரையும் பார்த்துச் சிரித்து, காரில் ஏறினார். படியில் ஒருவரும் அசையவில்லை.

"டெஸ்ட் பண்றார்" என்றான் குறட்டை.

"டேய், நான்தான் நேத்து அவர்கிட்ட பேசினேன்டா."

"அதான் அக்கா டெஸ்ட்டே. யார் யார் கிளம்பறாங்கன்னு பாக்க, வண்டியைச் சுத்திட்டுப் பின் கேட் வழியா வருவார் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பெரியவர் பின் கேட் வழியாக வந்துவிட்டார். முன் கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாராம். படிக்கட்டு ஜன்னலில் வெள்ளைக் கோட்டுகள் அப்படியே இருந்தனவாம். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வண்டியைத் திருப்பிவிட்டார். கோடு மறுபடி எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றான் குறட்டை, வெற்றியோடு.

புதுசு பையை மடியில் வைத்து அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டெப்போவுக்கு அந்த ஜிப் சத்தம்தான் காதில் விழுந்தது.

வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மாத்து டிரைவர் வந்தாச்சுன்னா இறங்க வேண்டியதுதானே?"

"அப்பா, அது பஸ்ஸு. இது மனுஷ உசிரு."

"ஏன், பஸ்ல என்ன மூட்டையா போகுது?"

"உங்களுக்கு என்ன தெரியும், நீங்களே இன்னும் இறங்கல" என்றாள் அம்மா, மெஷினை மிதித்தபடி. "காலையில அஞ்சு மணிக்கு எங்கே போறீங்க?"

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஆனால் டெப்போவின் கண் முன்னால் சின்ன வயதில் பார்த்த காட்சி ஓடத் தொடங்கியது. டிரைவர் இறங்குவார். சாவியை மாற்று டிரைவரின் கையில் வைத்து, "வண்டி உன்னுது" என்பார். அவர் வாங்கிக்கொண்டு, "வண்டி என்னுது" என்பார். ரெண்டு பேரும் சத்தமாகச் சொல்லவேண்டும், அப்பா காதில் விழவேண்டும். சொன்ன பிறகு முதல் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் அப்பா ருத்திர தாண்டவம் ஆடுவார். தங்கள் வார்டில் அப்படி யாரும் யாரிடமும் எதையும் கொடுப்பதில்லை. இவர்கள் வருவார்கள், அவர்கள் இருப்பார்கள். எல்லோர் கையும் எப்போதும் ஸ்டியரிங்கிலேயே.

மறுநாள் மாலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவள் பிரிவின் போனை எடுத்தாள். பழைய கறுப்பு செல்போன், உடைந்த முதுகுக்கு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அவசரம் எதுவானாலும் அதில்தான் வரும். மாலை டியூட்டிக்கு வந்தவனை ஒவ்வொரு கட்டிலாக அழைத்துப் போனாள். இவருக்கு என்ன செய்தோம், எதைக் கவனிக்கவேண்டும், என்ன ஆனால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று நோயாளியின் முன்னாலேயே சொன்னாள். கடைசிக் கட்டிலில் போனை அவன் கையில் வைத்தாள்.

"வார்டு உன்னுது."

அவன் வெட்கப்பட்டான். "என்ன அக்கா, கல்யாணத்துல மாலை மாத்தற மாதிரி..."

"சொல்லுடா."

"சரி. வார்டு என்னுது."

"சத்தமா."

"வார்டு என்னுது!"

நோயாளிகள் இரண்டு பேர் கை தட்டினார்கள். தலைமை நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டரம்மா, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்தவர். "இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார். "டியூட்டி முடிஞ்ச டாக்டர் எவராவது இதுக்கு மேல என் வார்டுல சுத்தினா, கட்டில் காலியா இருக்கு, அட்மிட் பண்ணிடுவேன். ஊசி நானே போடுவேன்."

பெரியவரும் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார். தன் பங்கைச் சொல்லவேண்டும் என்று டெப்போ கண்ணால் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமி, டியூட்டிப் பையனிடம், "வார்டு உன்னுது. என்னைக் கூப்பிடணும்னா கூப்பிடு, வந்துடுவேன். கூப்பிடலன்னா வரமாட்டேன்" என்றார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதே படியில் இறங்கினார்கள். வாசலில் வெயில் இருந்தது. குறட்டை அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரமே ஒரு கட்டு மாற்றாமல் விடுபட்டது. படியில் உட்கார்ந்திருந்த காலத்தில் மறந்ததை எழுந்துபோய்ச் செய்துவிடலாம். இப்போது போவதற்கு முன்பே ஞாபகம் வரவேண்டியிருந்தது. டெப்போ திட்டினாள், திட்டும் வாங்கினாள். வீடுகளில் வேறு தொல்லை. குறட்டையின் அம்மா மகனை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்னடா, வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாராம். பெரியவரின் மனைவி, "சொல்லாம கொள்ளாம இவ்வளவு சீக்கிரம் வந்து நின்னா நான் சாப்பாட்டுக்கு எங்கே போவேன்?" என்று சண்டை பிடித்தாராம். ஆனால் படி காலியாகத்தான் இருந்தது. பெருக்குகிற அம்மா, "இப்பதான் இதோட நிறமே தெரியுது" என்றார்.

புதுசு மட்டும் முன்போலவேதான் இருந்தாள். வந்தாள், போனாள். பை தோளிலேயே இருந்தது. மாதக் கடைசி நெருங்கியது.

சனிக்கிழமை மாலை, சலவைக் கட்டடத்துக்குப் பின்னால், வார்டு ஜன்னல்களுக்கு நேர் கீழே இருந்த மைதானத்தில் ஆறு நீலச் சட்டைகள் வந்து நின்றன. உறையில் கிடந்த மடிப்புகள் கலையாமல், ஒவ்வொரு முதுகிலும் சிலுவை போலத் தெரிந்தன. மூன்று சட்டை பெரிது, இரண்டு சிறிது. புதுசின் சட்டை தொப்புளைத் தொடவில்லை. உள்ளே பனியன் போட்டிருந்தாள்.

சலவை அணியின் கேப்டன், ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தோள் அகன்ற ஆள், கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தார். "டாக்டருங்களா! வழி தவறி வந்துட்டீங்களா? நாங்க வழக்கம்போல டீ சொல்லிட்டோமே!"

"ஆறிடும்ணே, ஆடிட்டுக் குடிங்க" என்றாள் டெப்போ.

"சட்டை மடிப்பு கண்ணைக் குத்துது டாக்டரம்மா. தோத்ததும் கழட்டிக் குடுங்க, நாங்களே இஸ்திரி போட்டுத் தர்றோம்."

முதல் செட்டில் அவர் சொன்னது பலித்தது. நீலச் சட்டைக்காரர்கள் பந்தைத் தொடுவதற்கு முன் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பந்து தரைக்குப் போனது. இரண்டாவது செட்டில் புதுசு நெட்டுக்கு வந்தாள். கேப்டன் ஓங்கி அடித்த பந்து அவள் உள்ளங்கையில் பட்டு, அவர் காலடியிலேயே விழுந்தது. பிறகு நர்சுகள் கூட்டம் விசில் அடித்தது. புதுசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த செட் நீலத்துக்குப் போயிற்று.

கடைசி செட்டின் நடுவில் டெப்போ தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். வார்டின் மூலை ஜன்னலில் திரை இழுக்கப்பட்டிருந்தது.

அது நோயாளியாகப் படுத்திருந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கட்டில். முந்தின நாள் அவர் வயிற்றைத் திறந்து தைத்தது அவள்தான். பெரியவர் கைகட்டி நிற்க, முதல் முறையாக, தொடக்கம் முதல் முடிவு வரை அவளே. ஆட்டத்துக்கு இறங்கும் முன் கட்டிலருகில் நின்று அவரைக் குறட்டையிடம் ஒப்படைத்தவளும் அவளே. வேளை இல்லாத வேளையில் திரை இழுத்திருக்கிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. சர்வீஸ் போடவேண்டிய பந்து கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் விசில் ஊதியது, யாரோ "அக்கா!" என்று கத்தினார்கள். படி ஏறினது தெரியவில்லை.

திரைக்கு முன்னால் குறட்டை நின்றான். கையில் பிளாஸ்திரி ஒட்டிய போன்.

"என்ன அக்கா?"

"என்னாச்சு அவருக்கு?"

"கட்டு நனைஞ்சிருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன், தையல் நல்லாருக்கு, மேலாப்புல கசிவுதான். மாத்திட்டேன். பிரஷர், நாடி, சிறுநீர் எல்லாம் சரியா இருக்கு. பெரியவருக்கும் போன்ல சொல்லிட்டேன்."

"நான் ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

அவன் நகரவில்லை. எங்கே சாய்ந்தாலும் தூங்குகிறவன், தூணில் சாய்ந்து பேசும்போதே தூங்கியவன், இப்போது கண் தெளிவாக, நேராக நின்றான். ஒழுங்காகத் தூங்கி எழுந்த முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, வார்டு யாருது?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. அவனைத் தள்ளிவிட்டுத் திரையைப் பிடித்து இழுக்க ஒரு விநாடி கை துடித்தது. அந்த ஒரு விநாடியில் திரை விலகியிருந்தால், திங்கட்கிழமை எல்லோரும் மறுபடி படிக்கு வந்திருப்பார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"உன்னுது" என்றாள்.

"அப்ப?"

திரைக்கு உள்ளிருந்து கணக்கு வாத்தியாரின் மெல்லிய குரல் வந்தது. "ஏம்மா, கட்டு கட்டறேன்னு திரையை இழுத்துட்டான், எனக்கு ஒண்ணும் தெரியல. ஸ்கோர் என்ன?"

"சமமா இருக்கு ஐயா."

"அப்புறம் இங்க என்ன பண்ற? போ, போ!"

சிஸ்டரம்மா மருந்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

அவள் ஓடி வந்தபோது மைதானத்தில் நீல அணியில் அப்போதும் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் பெரியவர். மேட்ச் பார்க்க மனைவியோடு வந்தவர், ஆள் குறைந்தால் ஆட்டம் போய்விடும் என்று கேட்டதும், பேன்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இறங்கிவிட்டாராம். டை தோளுக்குப் பின்னால் பறந்தது. அதற்குள் மூன்று பாயின்ட்டுகளைத் தாரை வார்த்திருந்தார்.

"பந்து வரும்போது குனிஞ்சு பாக்காதீங்க, அது குறுக்கெழுத்து இல்ல!" என்று அவர் மனைவி ஓரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

டெப்போ கோட்டுக்கு வந்து நின்றாள். "மாத்து ஆள் வந்தாச்சு சார். இறங்குங்க."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். வார்டில் என்ன என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் மூடிக்கொண்டார். பந்தை அவள் கையில் வைத்து, சத்தமாக, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஆட்டம் உன்னுது!"

அதன் பிறகு நடந்ததைச் சலவைப் பிரிவில் இன்றைக்கும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மூன்று பாயின்ட் பின்னால் இருந்தவர்கள் இரண்டு ஆனார்கள், ஒன்று ஆனார்கள், சமமானார்கள். மூலை ஜன்னலின் திரை விலகி, இரண்டு தலையணைக்கு நடுவில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. டெப்போ தூக்கிக் கொடுத்தாள். புதுசு எழும்பினாள். எழும்பினவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. பந்து கேப்டனின் இரண்டு கைக்கும் நடுவில் இறங்கித் தரையைத் தொட்டது. ஜன்னல்களிலிருந்து தட்டும் டம்ளரும் அடிக்கிற சத்தம் கேட்டது.

கேப்டன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சட்டையைக் கழட்டிக் குடுங்க டாக்டரம்மா" என்றார். "ஜெயிச்ச சட்டையை யாராவது இப்படிக் கசங்கலா வச்சிருப்பாங்களா?"

அடுத்த சுற்றில் சமையல் பிரிவு அவர்களைத் துவைத்துக் காயப்போட்டது என்பது வேறு விஷயம். அதற்குள் அந்த ஆறு பேருக்கும் தோற்பதற்குக்கூட நேரம் இருந்தது.

அன்றைக்கு மைதானத்திலிருந்து வாசலுக்கு நடந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மூன்றாம் மாடி மூலையறை இருட்டாக இருந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெரியவரும் மனைவியும் முன்னால் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். புதுசு டெப்போவோடு சேர்ந்து நடந்தாள். பை தோளில் இருந்தது. ஜிப் திறந்து, உள்ளே திணித்த துண்டின் ஒரு முனை வெளியே தொங்கியது.

"அக்கா, நேத்து ஏழு மணிக்கே தூங்கிட்டேன். அம்மா மூக்குல விரலை வச்சுப் பாத்தாங்களாம்."

"நல்ல வேளை, டாக்டரைக் கூப்பிடல."

புதுசு சிரித்தாள். சரியான இடத்தில். பஸ் ஸ்டாப் வந்ததும் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவள் போல நின்றாள்.

"ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அடுத்த மாச சார்ட்ல எனக்கு வெள்ளிக்கிழமை டியூட்டி போடாதீங்க. காலேஜ் பசங்க கூட ஆடக் கூப்பிட்டிருக்காங்க."

டெப்போ காதில் வெள்ளிக்கிழமை விழவில்லை. அதற்கு முன்னால் இருந்த 'அடுத்த மாச' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும்தான் விழுந்தன. முகத்தைத் திருப்பி, வருகிற பஸ்ஸைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாருக்கும்தான் வெள்ளிக்கிழமை வேணாம்" என்றாள், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. "வியாழக்கிழமை எடுத்துக்கறியா, சொல்லு."